மூத்தம்மாவுக்கு ஓர் இடம்



முதியோருக்கென்றே கட்டப்பட்ட குடியிருப்பு என்று கேள்விப்பட்டதும், "பிள்ளைகள் கைவிட்டவர்களின் இடம்" என்று நம்மில் பலர் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். தெரியாத ஒன்றுக்குத் தீர்ப்புக் கூறுவது நமக்கு அழகல்ல. அங்கே ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்பதை முதலில் பார்ப்போம்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 1960 ஆம் ஆண்டு 'சன் சிட்டி' என்ற பெயரில் முதியோருக்கென்றே ஓர் ஊர் திறக்கப்பட்டது. இன்று நமக்கு அண்மையில், தமிழ்நாட்டின் கோயம்புத்தூரைச் சுற்றி இத்தகைய குடியிருப்புகள் பல உள்ளன. ஆதரவற்றவர்களைத் தர்மமாக வைத்துப் பராமரிக்கும் இல்லங்கள் வேறு, இவை வேறு. ஓரளவு வசதியுள்ளவர்கள் தங்கள் பணத்திலேயே வீடு வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ, மாதாமாதம் கட்டணம் செலுத்தி இங்கே வசிக்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்களும் இவர்களில் உண்டு.

வாசலில் படிகள் இருக்காது. குளியலறையில் வழுக்காத தரை, சுவரில் பிடித்து எழும்பக் கம்பி. கட்டிலருகே ஒரு மணி. அழுத்தினால் ஆள் வரும். காலையில் நடை, நேரத்துக்குப் பொது மண்டபத்தில் சாப்பாடு, மாலையில் ஒத்த வயதினரோடு பேச்சு. வீட்டுச் சாவி அவரவர் கையில். பேரப்பிள்ளைகளின் சத்தம் மட்டும் அங்கே கேட்காது.

சுருங்கச் சொன்னால், அங்கே காசுக்கு வாங்குவது மூன்று பொருள்கள்: விழாமல் காக்கும் வீடு, பேச்சுக்குத் துணை, தன் கதவு தன் கையில் என்ற மதிப்பு.

இனி நம் வீடுகளைப் பாருங்கள். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் போன்ற நம் ஊர்களில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மூத்தவளுக்குத் தாங்கள் இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டு உம்மாவும் வாப்பாவும் வேறு வீடு கட்டுவார்கள். அடுத்தவளுக்கு அதுவும் போகும். கடைசியில் இளைய மகளின் வீட்டில், பெரும்பாலும் குசினிக்கு அருகேயுள்ள அறையில், அவர்களின் முதுமை கழியும்.

முன்பு இந்த வழக்கத்தில் ஒரு காவல் இருந்தது. ஒரே வளவில் சகோதரிகளின் வீடுகள் பக்கம் பக்கமாக இருந்தன. வேலியில் கடப்பு இருந்தது. மூத்தம்மா நினைத்த நேரம் அடுத்த வீட்டுக்குப் போவார். பாய் இழைத்தார்கள், மருதமுனையில் தறிக்கு நூல் சுற்றினார்கள். கையும் வாயும் சேர்ந்து வேலை செய்தன. மகளிடம் சொல்ல முடியாததைத் தங்கச்சியிடம் சொல்லி ஆறினார்கள். காசு கொடுத்து வாங்கும் அந்தக் குடியிருப்பில் உள்ளவற்றில் பெரும்பகுதி, காசில்லாமல் நம் வளவில் இருந்தது.

இன்று வேலி போய் மதில் வந்துவிட்டது. வாயிற்கதவு பூட்டியிருக்கிறது. 2004 டிசம்பர் 26 இல் வந்த சுனாமி கடற்கரையோர வளவுகளை அழித்தது. சொந்தபந்தம் பல இடங்களுக்குச் சிதறியது. பின்னர் கிடைத்த தொடர்மாடி வீடுகளில், மேல் மாடியில் இருக்கும் முழங்கால் வருத்தக்காரி கீழே இறங்குவது எப்படி? ஆண்களுக்கு வயது போனாலும் பள்ளிவாசல் இருக்கிறது. அஸருக்குப் பின் அங்கே உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுவார்கள், கடற்கரைக்கும் போவார்கள். நம் மூத்தம்மா எங்கே போவார்?

இலங்கையில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 1981 இல் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான் இருந்தார்கள். 2012 கணக்கெடுப்பில் அது பன்னிரண்டைத் தாண்டியது, இன்னும் ஏறுகிறது. பிள்ளைகளோ குறைவு; அவர்களிலும் பலர் கட்டாரிலும் சவூதியிலும். ஆகவே இது நாளை நம் எல்லோருடைய வீட்டுக்கும் வரும் கேள்வி.

பெற்றோரை நோக்கி 'சீ' என்றுகூடச் சொல்லக் கூடாது என்பது குர்ஆனின் கட்டளை. நாங்கள் சொல்வதில்லை என்பீர்கள். உண்மைதான். வேளைக்குச் சோறும் கொடுக்கிறோம். ஆனால் "உம்மா, என்ன ஆணம் காய்ச்சுவோம்?" என்று அவரிடம் கேட்டு எத்தனை நாளாயிற்று? அவர் கொடுத்த வீட்டில், தன்னைப் பார்க்க வந்த சிநேகிதியை உட்கார வைக்க அவர் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறதா? வாயால் சொல்லாத 'சீ'யை வீடு சொல்லிவிடக் கூடாது, சகோதரிகளே.

ஆண் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். "நான் பெண்சாதி வீட்டில் இருக்கிறேன், உம்மாவைத் தங்கச்சி பார்ப்பாள்" என்பது ஊர் வழக்கம். மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை. தேவையுள்ள பெற்றோருக்குச் செலவு கொடுப்பது வசதியுள்ள மகனுக்கும் மகளுக்கும் கடமை என்பதே நம் ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். மருமகள் செய்யும் பணிவிடை அவளுடைய நல்ல குணம். அதைக் காட்டி மகன் தன் கடமையிலிருந்து தப்ப முடியாது. நாட்டுச் சட்டமும் உண்டு: 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தம்மைத் தாமே பராமரிக்க முடியாத பெற்றோர் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கோரி அதற்கான சபைக்கு விண்ணப்பிக்கலாம். அந்த அளவுக்கு ஒரு தாயை நாம் கொண்டுபோய்விடக் கூடாது.

செய்ய வேண்டியவை பெரிய செலவல்ல. குளியலறைச் சுவரில் ஒரு கம்பி போடுங்கள். இரவில் விளக்கொன்று எரியட்டும். கிளினிக் திகதியை நீங்கள் நினைவில் வையுங்கள். மாதம் ஒரு சிறு தொகையை அவர் கையில் கொடுங்கள், கணக்குக் கேட்காதீர்கள். ஸதக்கா கொடுக்க அவருக்கும் ஆசை இருக்கும். மகளுக்கு வீடு எழுதும் உம்மாமாரே, உயிருள்ளவரை அங்கே வசிக்கும் உரித்தை உறுதியில் வைத்துக்கொள்வது பற்றி நொத்தாரிசிடம் கேளுங்கள். அது மகள் மீது சந்தேகமல்ல. நாளைய மனக்கசப்புக்கு இன்றே போடும் தடுப்பு.

இன்னொன்று. வாரத்தில் ஒரு நாள், அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில், உங்கள் ஒழுங்கையிலுள்ள மூத்தம்மாக்களை ஒரு வீட்டில் கூட்டுங்கள். தேநீர் போதும். இந்த வாரம் உங்கள் வீடு, அடுத்த வாரம் பக்கத்து வீடு. மதிலை இடிக்க வேண்டாம். அந்த ஒரு மணி நேரம் வாயிற்கதவைத் திறந்து வைத்தால் போதும்.

முதியோரைக் கண்ணியப்படுத்தும் வீடுகளாக நம் வீடுகளை அல்லாஹ் ஆக்குவானாக. ஆமீன்.