பலித்த சீட்டும் பலிக்காத சீட்டும்

சிங்கப்பூரின் தேக்காவில் கிளி ஜோசியம் பற்றிப் பேச்செடுத்தால் மணியின் பெயர் வராமல் போகாது. 2010 உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டியின்போது லிட்டில் இந்தியாவில் சீட்டெடுத்துக்கொண்டிருந்த கிளி அது. காலிறுதி ஆட்டங்கள் நான்கிலும் வெல்லப்போகும் அணியைச் சரியாக எடுத்துக் கொடுத்தது. பிரேசிலை நெதர்லாந்து வென்றது, கானாவை உருகுவே வென்றது, அர்ஜென்டினாவை ஜெர்மனி வென்றது, பராகுவேயை ஸ்பெயின் வென்றது. அரையிறுதியில் ஜெர்மனியை ஸ்பெயின் வெல்லும் என்றது கிளி, அதுவும் நடந்தது. வெளிநாட்டுச் செய்தியாளர்கள் தேடிக்கொண்டு வந்தார்கள்.

அப்போது கிளம்பிய வாதம் இன்னும் ஓயவில்லை. "உலகமே பார்த்த சாட்சி இருக்கிறது. மனத்துக்கும் பொருளுக்கும் நடுவே நமக்குப் புலப்படாத சக்தி ஒன்று ஓடுகிறது. கிளிக்கு அது பிடிபடுகிறது. சில மனிதர்கள் அதே சக்தியால் கரண்டியை வளைக்கிறார்கள், தொடாமலே பொருளை நகர்த்துகிறார்கள்." படித்தவர்களும் இதைச் சொல்கிறார்கள். இது தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏன் தவறு என்பதை அவர்கள் தரும் காரணங்களைக் கொண்டே பார்ப்போம்.

முதலாவதாக, இத்தனை ஆட்டம் சரியாக அமைவது தற்செயலாக இருக்க முடியாது என்கிறார்கள்.

இரண்டில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் நான்கு முறையும் சரியாக அமைய 16இல் ஒரு வாய்ப்பு உண்டு. அரையிறுதியையும் சேர்த்தால் 32இல் ஒன்று. அரிதுதான், ஆனால் அதிசயம் இல்லை. அதோடு, இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அரையிறுதியோடு நிறுத்திவிடுகிறார்கள். இறுதியாட்டத்துக்கு மணி எடுத்தது நெதர்லாந்தின் சீட்டை. 2010 ஜூலை 11ஆம் தேதி ஜோகன்னஸ்பர்க்கில் கோப்பையை வாங்கியது ஸ்பெயின். பெரிதாகப் பேசப்பட்ட ஆறு கணிப்புகளில் ஐந்து சரி, ஒன்று தவறு. ஒரு நாணயத்தை ஆறு முறை சுண்டினால் ஐந்து முறையோ ஆறு முறையோ தலை விழ 64இல் 7 வாய்ப்பு உண்டு. அதாவது ஏறக்குறைய ஒன்பது பேர் சுண்டினால் அதில் ஒருவருக்கு இது கிடைத்துவிடும்.

அந்த ஆண்டு சுண்டியவர்கள் ஒன்பது பேரோடு நிற்கவில்லை. ஜெர்மனியின் ஓபர்ஹவுசன் நகரில் பால் என்ற ஆக்டோபஸ் எட்டு ஆட்டங்களையும் சரியாகச் சொன்னது. இறுதியாட்டத்தில் மணி தவறிய இடத்தில் பால் ஸ்பெயினை எடுத்தது. எட்டுக்கு எட்டு என்பது 256இல் ஒரு வாய்ப்பு. அதே பால் 2008 ஐரோப்பியக் கிண்ணத்தில் ஆறில் நான்கைத்தான் சரியாகச் சொல்லியிருந்தது. அதே ஜெர்மனியின் கெம்னிட்ஸ் விலங்குத் தோட்டத்தில் ஒரு முள்ளம்பன்றியும் ஒரு குள்ள நீர்யானையும் ஒரு சிறு குரங்கும் ஜெர்மனியின் முதல் சுற்று ஆட்டங்களுக்குக் கணிப்புச் சொன்னன. மூன்றும் தவறின. பால் உலகப் புகழ் பெற்றது, கெம்னிட்ஸின் முள்ளம்பன்றியை யாருக்கும் ஞாபகமில்லை. இந்த வாதத்தின் அடிப்படைப் பிழை இங்கேதான் இருக்கிறது. நாம் எந்தக் கிளியைப் பற்றிக் கேள்விப்படுகிறோம் என்பதையே முடிவுகள்தான் தீர்மானிக்கின்றன. காலிறுதியில் இரண்டு தவறியிருந்தால் மணியின் பெயர் சிராங்கூன் சாலையைத் தாண்டியிருக்காது. பலித்த பிறகு தேர்ந்தெடுக்கப்பட்ட சாட்சி அது. அதற்குச் சாட்சி என்ற தகுதி கிடையாது.

அடுத்தது கொஞ்சம் கூர்மையான வாதம். கிளிக்குக் காற்பந்து தெரியாது, சூதும் தெரியாது, அது எப்படி ஏமாற்றும் என்று கேட்கிறார்கள். ஏமாற்றுகிறது என்று நான் சொல்லவில்லை. ஜோசியரையும் நான் குற்றம் சொல்லவில்லை; வயிற்றுப்பாட்டுக்காகப் பழகிய தொழில் அது. ஆனால் அந்தத் தொழிலை ஒரு முறை பக்கத்தில் நின்று கவனித்துப் பாருங்கள். கூண்டுக் கதவு மேலே தூக்கப்படும். கிளி தத்தித் தத்தி வெளியே வரும். அடுக்கிய சீட்டுகளை அலகால் ஒவ்வொன்றாக இழுத்து ஓரமாகப் போடும். ஏதோ ஒரு சீட்டில் நிற்கும். ஜோசியர் அதை வாங்கிக்கொண்டு விரல் நுனியில் ஒரு நெல்மணியை நீட்டுவார். கிளி அதைக் கொறித்தபடி கூண்டுக்குள் போய்விடும். இந்தக் காட்சியில் கிளி கூர்ந்து பார்ப்பது சீட்டை இல்லை, அந்தக் கையை. ஆண்டுக்கணக்கில் அந்தக் கையிலிருந்து இரை வாங்கிய பறவை அது. விரல் எப்போது அசையும், தோள் எப்போது தளரும், எந்த நொடியில் நெல் வரும் என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி.

கையை அசைக்கிறவருக்கே தான் அசைத்தது தெரியாமல் இருக்கலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்றொரு குதிரை இருந்தது. கணக்குக் கேட்டால் குளம்பைத் தட்டி விடை சொல்லும். அதன் உரிமையாளர் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் காசு வாங்காத நேர்மையான மனிதர். அறிஞர் குழு ஒன்று வந்து பார்த்துவிட்டுத் தந்திரம் எதுவும் தெரியவில்லை என்று சொன்னது. பிறகு ஆஸ்கர் ஃபூங்ஸ்ட் என்ற உளவியலாளர் எளிய மாற்றங்களைச் செய்தார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபடி ஏற்பாடு செய்தார், குதிரை தவறியது. கேட்பவரைக் குதிரையின் பார்வையிலிருந்து மறைத்தார், அப்போதும் தவறியது. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலை அவரறியாமல் துளி நிமிர்வதைப் பார்த்துத்தான் ஹான்ஸ் தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. இன்றுவரை உலகில் நடக்கும் எந்த நல்ல சோதனைக்கும் இதுதான் முதல் பாடம். விடை தெரிந்தவர் அறையில் இருக்கக் கூடாது. மணி சீட்டெடுத்த இடத்தில் அப்படி ஓர் ஏற்பாடு இருக்கவில்லை. அங்கே நடந்தது ஒரு தெருக் காட்சி. அதைச் சோதனை என்று சொல்வது அந்தச் சொல்லுக்கே அநியாயம்.

மூன்றாவது வாதத்தை நான் அடிக்கடி கேட்கிறேன். சந்தேகப்படுகிறவன் எதிரே உட்கார்ந்தால் சக்தி வேலை செய்யாதாம்.

கரண்டி வளைப்பதில் பேர் வாங்கிய யூரி கெல்லர் 1973இல் அமெரிக்காவில் ஜானி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு வந்தார். மந்திர வித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டியின் ஆலோசனைப்படி, மேசைப் பொருள்களை நிகழ்ச்சிக் குழுவே தயார் செய்து, கெல்லரின் ஆட்கள் அவற்றை நெருங்காமல் பார்த்துக்கொண்டது. கேமரா ஓடியது, ஒன்றும் நடக்கவில்லை. அன்றைக்குத் தனக்குத் தெம்பில்லை என்றார் கெல்லர். இதைச் சந்தேகத்தின் தீய பார்வை என்று ஆதரவாளர்கள் விளக்குகிறார்கள். அந்த அறையில் மாறியது யாருடைய மனநிலையும் இல்லை. கரண்டியை முன்கூட்டித் தொட முடியாமல் போனது, அவ்வளவுதான் மாற்றம்.

நம்பிக்கையோடு பார்த்தவர்கள் எதிரே என்ன நடந்தது என்பதற்கும் பதிவு இருக்கிறது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், மனத்தால் பொருளை அசைப்பதை ஆராயவே ஒரு கூடம் 1979இல் தொடங்கப்பட்டது. பெரும் நன்கொடை கிடைத்தது. மந்திர வித்தை கற்ற இரண்டு இளைஞர்களை ராண்டி சக்தி உள்ளவர்களைப் போல அங்கே அனுப்பினார். கரண்டியை வளைத்தார்கள், மூடிய பெட்டிக்குள் பொருளை நகர்த்தினார்கள், ஆய்வாளர்களை நம்பவைத்தார்கள். எச்சரிக்கைகளைத் தொடக்கத்திலேயே ராண்டி ஆய்வாளர்களுக்குக் கடிதமாக எழுதி அனுப்பியிருந்தார். கட்டுப்பாடுகளை இறுக்கியதும் 'சக்தி' வற்றத் தொடங்கியது. 1983இல் உண்மை வெளியானது. ஆய்வாளர்கள் முட்டாள்கள் இல்லை. இயற்கை பொய் சொல்லாது என்று பழகியவர்கள். மனிதன் சொல்லும் பொய்யைப் பிடிக்க வேறு பயிற்சி வேண்டும், அது மந்திர வித்தைக்காரரிடம் இருக்கிறது. அதே ராண்டி பின்னாளில் 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். என்ன செய்து காட்டுவது, எது வெற்றி, எது தோல்வி என்பதை விண்ணப்பித்தவரும் சேர்ந்து முன்கூட்டியே ஒப்புக்கொண்ட பிறகுதான் சோதனை நடந்தது. 2015இல் அது முடிக்கப்படும்வரை ஒருவரும் பரிசை வாங்கவில்லை.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமே நிரூபித்துவிட்டது என்பதும் ஒரு பேச்சு. 1979 முதல் 2007 வரை அங்கே ராபர்ட் ஜான் நடத்திய கூடத்தில், தற்போக்காக எண்களைக் கொட்டும் கருவிகளை மனத்தால் ஒரு பக்கம் சாய்க்கச் சொன்னார்கள். மிக மிகச் சிறிய சாய்வு தெரிந்தது என்று அறிவித்தார்கள். பிறகு ஜெர்மனியின் இரண்டு கூடங்களோடு சேர்ந்து அதையே மறுபடி செய்து பார்த்தபோது எதிர்பார்த்த சாய்வு வரவில்லை. 2000இல் அதை அவர்களே வெளியிட்டார்கள். நம் ஊரிலேயே பாருங்கள். செந்தோசாவிலும் மரினா பேயிலும் 2010இல் சூதாட்டக் கூடங்கள் திறந்தன. ஒற்றைச் சுழி உள்ள ரூலெட் சக்கரத்தில் கூடத்துக்குக் கணக்குப்படி கிடைப்பது 2.7 விழுக்காடு. நூற்றுக்கணக்கானோர் இரவு முழுக்க உயிரைக் கொடுத்து மனத்தைக் குவித்து ஒரு சிறு பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பந்தை மனத்தால் சற்றே தள்ள முடிந்தவர்கள் அவர்களில் கொஞ்சம் பேர் இருந்தாலும் அந்தத் தொழிலே நிலைக்காது.

இதெல்லாம் மேல்நாட்டு அளவுகோல், நம் மண்ணுக்குப் பொருந்தாது என்று சொல்பவர்கள் நம் வரலாற்றை மறந்துவிடுகிறார்கள். திருவல்லாவில் பிறந்து இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஏப்ரகாம் கோவூர் 1963இல் ஒரு லட்சம் ரூபாய்ச் சவால் விட்டார். உறைக்குள் மூடிய ரூபாய் நோட்டின் எண்ணைப் படிப்பது, மனத்தால் ஒரு திடப்பொருளை நகர்த்துவது அல்லது வளைப்பது எல்லாம் அவருடைய பட்டியலில் இருந்தன. 1978இல் அவர் காலமாகும்வரை பரிசு அவரிடமே இருந்தது. கோயம்புத்தூர்ப் போத்தனூரில் இருந்துகொண்டு பிரேமானந்த் அதே வேலையை 2009 வரை செய்தார். 1995 செப்டம்பர் 21ஆம் தேதி பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று உலகமெங்கும் கோயில்களில் வரிசை நின்றபோது, பாலில் சாயத்தைக் கலந்து, அது சிலையின் மேல் வழிந்து இறங்குவதைக் காட்டியவர்கள் இந்திய அறிவியலாளர்கள்தான்.

ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். பெருமாள் கோயிலிலிருந்து புறப்பட்டு சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் தீ மிதிக்கும் பக்தரோடு எனக்கு வழக்கில்லை. அவர் தாயிடம் செய்த வேண்டுதலைத் தீர்க்கிறார். எதையும் நிரூபிக்க வந்ததாகச் சொல்லவில்லை. நான் மறுப்பது, உலகத்தில் இன்னது நடக்கும் என்று சொல்லி, அதற்குச் சாட்சியும் உண்டு என்று சொல்லும் கூற்றை.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்பது கடைசி வாதம். ஃபோர் டி பரிசுச்சீட்டு எண்ணுக்காகக் கிளியிடம் கேட்பவர் இழப்பது சில வெள்ளி. 10,000 எண்களில் 23 எண்களுக்குப் பரிசு என்பதைக் கிளி மாற்ற முடியாது, அவ்வளவே. ஆனால் ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவுக்கு வரும் ஊழியர் எல்லாருமே எண் கேட்பதில்லை. முகவருக்கு இன்னும் பணம் கட்டலாமா, ஊரில் தங்கைக்குப் பார்த்த சம்பந்தத்தை முடிக்கலாமா, அம்மாவுக்கு அறுவை சிகிச்சை இப்போது வேண்டுமா என்று கேட்கிறார்கள். "உலகக் கிண்ணத்தையே சொன்ன கிளி" என்ற பேர் அங்கே விலைபேசப்படுகிறது. தெரிந்தவர்களிடமும் மருத்துவரிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒரு நெல்மணியில் முடிந்துபோவது என்னைப் பொறுத்தவரை சிறிய நஷ்டம் இல்லை.

மணியை உண்மையாகவே சோதித்திருக்க முடியும், செலவும் அதிகமில்லை. 2010இல் வெளியேற்றுச் சுற்றில் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தையும் சேர்த்து 16 ஆட்டங்கள் நடந்தன. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரே அளவு, ஒரே நிறத்தில் ஒட்டிய இரண்டு உறைகள் வேண்டும். அவற்றைத் தயாரித்தவர் அறையை விட்டுப் போய்விட வேண்டும். எது எந்த அணி என்று ஜோசியருக்கும் தெரியக் கூடாது, பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியக் கூடாது. கிளி எடுத்த உறையை ஆட்டம் முடிந்த பிறகே, எல்லார் முன்னிலையிலும் பிரிக்க வேண்டும். வெறும் தற்செயலாக 13 அல்லது அதற்கு மேல் சரியாக அமைய நூற்றில் ஒரு வாய்ப்புதான் உண்டு. ஆகவே 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மறுபடி சோதிப்போம், 12 அல்லது அதற்குக் குறைவாக வந்தால் சக்தி இல்லை என்று ஒப்புக்கொள்வோம் என்று இரு தரப்பும் முதல் ஆட்டத்துக்கு முன்பே எழுதிக் கையெழுத்திட வேண்டும்.