வீட்டுக் கடிகாரமும் வீட்டுத் தமிழும்

மும்பையில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் பணத்தட்டுப்பாட்டைக் காட்டிலும் பெரிய தட்டுப்பாடு நேரத் தட்டுப்பாடுதான். அதைத் தீர்க்க யோசனை சொல்பவர்களுக்குக் குறைவில்லை. விடியற்காலை எழ வேண்டும், முதல் நாள் இரவே காய் நறுக்கி வைக்க வேண்டும், பட்டியல் போட்டு வேலை செய்ய வேண்டும் என்பார்கள். இந்த யோசனைகளில் பெரும்பாலானவை தாயைப் பார்த்தே சொல்லப்படுகின்றன. அவளோ இவற்றையெல்லாம் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறாள்.

டோம்பிவிலியில் குடியிருந்து கோட்டைப் பகுதியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் நாளை எண்ணிப் பார்த்தால் போதும். குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்குள் பிடித்து வைக்க வேண்டும். குக்கரை இறக்கி, டிபன் டப்பாக்களைக் கட்டி, பிள்ளையைக் கிளப்பிவிட்டு ஸ்டேஷனுக்கு ஓட வேண்டும். விரைவு வண்டியில் இடம் கிடைத்தாலும் போவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல், வருவதற்கும் அதே. மகளிர் பெட்டியில் கீரை ஆய்வதும் பட்டாணி உரிப்பதும் இந்த நகரம் நெடுங்காலமாகக் கண்டுவரும் காட்சி. சமையலறையையே ரயிலில் ஏற்றிக்கொண்டு போகிறவளுக்குத் திட்டமிடத் தெரியவில்லை என்று யார் சொல்ல முடியும்?

குறை அவளுடைய திட்டத்தில் இல்லை. வேலைகள் பங்கிடப்படுவதில் இருக்கிறது.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024ல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு இதைக் கணக்கில் காட்டுகிறது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். அவ்வேலையில் கை வைக்கும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். 2019ல் நடந்த ஆய்வில் இந்தக் கணக்கு முறையே 299, 97 ஆக இருந்தது. ஐந்து ஆண்டுகளில் பெண்ணின் சுமை பத்து நிமிடம் குறைந்திருக்கிறது என்று மகிழலாம். ஆனால் ஆண் அதிகம் தோள் கொடுத்ததால் குறைந்ததல்ல அது. அவன் பங்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது!

நிமிடக் கணக்கில் வராத வேலை ஒன்றும் உண்டு. பள்ளிக் கட்டணத்துக்குக் கடைசி நாள் எது, காஸ் எப்போது தீரும், மாமியாரின் மாத்திரை இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்று நினைவில் வைத்திருப்பதே ஒரு வேலை. ‘என்ன வாங்கி வர வேண்டும், சொல்' என்று கேட்கும் கணவர் நல்லவரே. ஆனால் யோசிக்கும் பாரத்தை அவர் இறக்கி வைக்கவில்லை. பையை மட்டும் தூக்குகிறார்.

கட்டளைத் தமிழ்

இந்த அவசரத்தில் முதலில் அடிபடுவது பிள்ளையோடு பேசும் பேச்சு. ஊரைவிட்டு வந்து வாழும் தமிழர்களுக்கு இதில் மற்றவர்களைவிட இழப்பு அதிகம்.

ஆங்கில வழியில் படிக்கும் மும்பைத் தமிழ்ப் பிள்ளைக்கு வகுப்பில் ஆங்கிலம். மராத்தியை எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயமாக்கி 2020ல் மகாராஷ்டிரம் சட்டம் செய்தது. வாழும் மண்ணின் மொழியைக் கற்பது நியாயமே. விளையாட்டுத் தோழர்களோடு இந்தி. ஆகத் தமிழுக்கு மிஞ்சிய ஒரே பள்ளி வீடுதான். அந்தப் பள்ளியில் காலை முதல் இரவு வரை என்ன பாடம் நடக்கிறது? ‘எழுந்திரு, பல் தேய், குளி, சாப்பிடு, சீக்கிரம், நேரமாச்சு, படி, படு.' இவ்வளவுதான். எல்லாம் கட்டளை.

கட்டளையைக் கேட்டு வளரும் பிள்ளைக்குத் தமிழ் புரியும், பேச வராது. கதை சொல்ல, கேலி செய்ய, வழக்காட, பயந்ததைச் சொல்லி அழ அதனிடம் தமிழ்ச் சொல் இராது. கோடை விடுமுறையில் திருநெல்வேலிக்குப் போனால், பாட்டி பத்துக் கேள்வி கேட்க, பேரன் ‘ம்', ‘சரி' என்ற இரண்டே பதிலோடு முடித்துக்கொள்கிறான். பிள்ளைக்குத் தமிழ்ப் பற்று இல்லை என்று பெரியவர்கள் வருந்துகிறார்கள். பற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவனோடு யாரும் உட்கார்ந்து பேசவில்லை, அவ்வளவுதான்.

மொழி மட்டுமே போனாலும் பொறுக்கலாம். பள்ளியில் ஒருவன் அடித்ததையோ, ஆசிரியர் ஏசியதையோ, வழியில் யாரோ மிரட்டியதையோ வீட்டில் எந்த நேரத்தில் சொல்வது என்று பிள்ளைக்குத் தெரியாமல் போவது அதைவிடப் பெரிய ஆபத்து.

பெயர் எழுதிய பட்டியல்

‘பிழைப்பைப் பார்ப்பதா, பேசிக்கொண்டிருப்பதா?' என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் உண்டு. நாளுக்கு 24 மணி நேரம்தான். யாரும் கூட்டித் தர முடியாது. இருப்பதை மாற்றிப் பங்கிடலாம்.

ஞாயிறு இரவு குடும்பம் முழுவதும் உட்கார்ந்து வாரத்து வேலைகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டட்டும். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு பெயர் இருக்க வேண்டும். பெயர் இல்லாத வேலை கடைசியில் தாய் தலையில்தான் விழும். தந்தையின் பெயருக்கு எதிரே வருவது முழு வேலையாக இருக்கட்டும். பள்ளி விவகாரம் அவருடையதென்றால் கட்டணம், சீருடை, ஆசிரியர் கூட்டம் எல்லாமே அவர் பொறுப்பு. மனைவி நினைவூட்டத் தேவையில்லை. பத்து வயதுப் பிள்ளை துணி மடிக்கலாம், தண்ணீர் பாட்டில் நிரப்பலாம். பெண் பிள்ளைக்கு உள்ள வேலை ஆண் பிள்ளைக்கும் உண்டு.

அடுத்து, சில வேலைகளை விடவும் பழக வேண்டும். மாட்டுங்காவிலோ செம்பூரிலோ கடையில் மாவு வாங்கி இட்லி ஊற்றினால் குடும்ப கௌரவம் குறைந்துவிடாது. கராத்தே, நடனம், டியூஷன் என்று வாரத்தில் ஐந்து நாளும் வகுப்பு வைத்தால், ஒவ்வொன்றுக்கும் கொண்டுபோய் விட்டு அழைத்துவர ஒரு பெரியவர் அலைய வேண்டும். ஒன்றைக் குறைத்தால் பிள்ளைக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும்.

இப்படி மிச்சமாகும் நேரத்திலிருந்து தினமும் அரை மணி பேச்சுக்கென்று ஒதுக்கப்பட வேண்டும். செல்போன் அடுத்த அறையில் இருக்கட்டும். மார்க்கு என்ன, வீட்டுப்பாடம் முடிந்ததா என்ற விசாரணை அப்போது வேண்டாம். இரவு ஒன்பதுக்கு மேல் வீடு திரும்புவோர் காலையில் பால் குடிக்கும் நேரத்தை எடுத்துக்கொள்ளலாம். தாராவியில் நள்ளிரவுக்குப் பின் எழுந்து இட்லி அவித்து, விடியும் முன் விற்கப் புறப்படும் குடும்பத்துக்கு மாலைதான் வாய்க்கும். எந்த அரை மணி என்பது அவரவர் பிழைப்பைப் பொறுத்தது. ‘மிஞ்சிய நேரத்தில் பேசலாம்' என்றால் மட்டும் அது ஒருநாளும் மிஞ்சாது.

வெளிக் கடிகாரங்கள்

எல்லாவற்றையும் வீட்டுக்குள்ளேயே தீர்த்துவிட முடியாது என்பதும் உண்மை. பிள்ளைகளுக்குத் தூக்கம் போதவில்லை என்று மழலையர் வகுப்பு முதல் நான்காம் வகுப்பு வரை காலை 9 மணிக்கு முன் தொடங்கக் கூடாது என 2024 பிப்ரவரியில் மாநில அரசு உத்தரவிட்டது. நல்ல நோக்கம்தான். ஆனால் எட்டு மணி வண்டியைப் பிடிக்கும் பெற்றோர் ஒன்பது மணிப் பள்ளிக்குப் பிள்ளையை யாரிடம் ஒப்படைத்துப் போவது? ஒரு கடிகாரத்தைத் திருப்பிவிட்டு மற்றவற்றை அப்படியே விட்டால் அவஸ்தை பெற்றோருக்குத்தான். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று மகப்பேறு நலச் சட்டம் 2017லேயே திருத்தப்பட்டது. தங்கள் நிறுவனத்தில் அது உண்டா என்று ஊழியர்கள் கூடிக் கேட்க வேண்டும். தனியாகக் கேட்டால் எடுபடாது.

தமிழ் அமைப்புகளும் இதில் கை கொடுக்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை பொங்கல் விழா எடுத்துப் பட்டிமன்றம் நடத்துவது நல்லதே. அத்தோடு, மாலை ஐந்து மணி முதல் எட்டு மணி வரை ஓர் அறையைத் திறந்து வைத்தால் என்ன? பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் பெற்றோர் திரும்பும் வரை அங்கே பத்திரமாக இருக்கும். வேலைக்குப் போவோரிடம் நேரம் இல்லை. ஓய்வு பெற்ற பெரியவர்கள் பலரிடம் நேரம் இருக்கிறது, கேட்க ஆளில்லாமல் கதைகளும் இருக்கின்றன. இரண்டையும் ஓரிடத்தில் சேர்ப்பதற்குப் பெரிய நிதி தேவையில்லை. நம்பிக்கையான நாலு பேரும் ஒரு சாவியும் போதும்.

பிள்ளைகளின் எதிர்காலத்துக்காகவே இப்படி ஓடுவதாகப் பெற்றோர் சொல்கிறார்கள். அது பொய்யல்ல. அந்த எதிர்காலத்தில் பிள்ளை மனம்விட்டுப் பேச நினைக்கும்போது, சொல்ல ஒரு மொழியும் கேட்க ஒரு பழக்கமும் வீட்டில் இருக்க வேண்டாமா? ஞாயிறு இரவு எழுதும் தாளில் அந்த அரை மணியே முதல் வரியாக இருக்கட்டும்.