வாஞ்சூர் சாவடிக்கு வடக்கே பெண்களுக்குத் தகுதி கிடையாதா?

நெடுங்காடு தொகுதியின் சந்திரபிரியங்கா புதுச்சேரி அமைச்சர் பதவியிலிருந்து போனதைப் பற்றிக் கட்டுரையாளர் ஒருவர் தீர்ப்பே எழுதிவிட்டார். அவருக்கு வேலை செய்யத் தெரியவில்லையாம், முதல்வர் எடுத்துவிட்டாராம், அந்த அவமானத்தை மறைக்கத்தான் சாதியையும் பெண் என்பதையும் இழுத்தாராம். இத்தோடு நின்றிருந்தால் ஓர் அமைச்சர் மீதான விமர்சனம் என்று விட்டுவிடலாம். ஆனால் புதுச்சேரி அரசியலில் பெண்கள் இல்லாததற்கு யாரும் காரணம் இல்லை, அவர்களுக்குத் தகுதியும் ஆர்வமும் இல்லை என்று போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவைக்கிறார். பதில் எழுத வைத்தது அதுதான்.

முதலில் வேலை. போக்குவரத்து, ஆதிதிராவிடர் நலம், வீட்டுவசதி, தொழிலாளர் நலம், கலை பண்பாடு என்று அவர் கையில் பல துறைகள் இருந்தன. எந்தத் துறையில் எந்தத் திட்டம் அவரால் கெட்டது? எந்தக் கோப்பு அவர் மேசையில் தூங்கியது? கட்டுரையில் ஒரு வரி கிடையாது. அவர் செயல்பாட்டில் முதல்வர் ரங்கசாமிக்குத் திருப்தி இல்லை என்று அன்றைய துணைநிலை ஆளுநர் தமிழிசை சௌந்தரராஜன் சொன்னதே போதும் என்கிறார். அமைச்சரை நீக்க முதல்வரின் அதிருப்தி போதும்தான், அந்த அதிகாரத்தை யாரும் மறுக்கவில்லை. அதே அதிருப்தியைத் திறமையின்மைக்குச் சாட்சியாகவும் கொண்டுவந்து நிறுத்தினால் எப்படி? வேண்டாத பெண்டாட்டி கைபட்டாலும் குற்றம், கால்பட்டாலும் குற்றம் என்பார்கள். கட்டுரையாளர் கை எது, கால் எது என்றுகூடச் சொல்லவில்லை.

அடுத்து, இவ்வளவு நாள் ஏன் வாய் திறக்கவில்லை என்ற கேள்வி. 2021 ஜூனில் பதவியேற்றவர், 2023 அக்டோபர் 10இல்தான் ராஜினாமா கடிதம் எழுதினார், ஆகவே அது நடிப்பு என்கிறார். முதல்வரையும் சேர்த்து ஆறு பேர் கொண்ட அமைச்சரவையில் ஒரே பெண் அவர். மக்கள் 30 பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்பிய சட்டமன்றத்திலும் ஒரே பெண் அவர்தான். ரேணுகா அப்பாதுரைக்குப் பிறகு ஏறக்குறைய நாற்பது ஆண்டு கழித்துப் புதுச்சேரிக்குக் கிடைத்த பெண் அமைச்சர். யாரிடம் போய்ச் சொல்வார்? பதவியில் இருந்துகொண்டே பேசியிருந்தால் கட்சிக் கட்டுப்பாட்டை மீறினார் என்று இதே பேனா எழுதியிருக்கும்.

அந்தக் கடிதத்தைக் கட்டுரையாளர் முழுதாகப் படித்தாரா என்றே சந்தேகம். சாதி ரீதியாகவும் பாலின ரீதியாகவும் தாக்கப்பட்டதை மட்டும் அதில் எழுதவில்லை. சூழ்ச்சி அரசியலையும் பணபலத்தையும் எதிர்த்து நிற்க முடியவில்லை என்று எழுதினார். தான் விட்டுப்போகும் இடத்தை வன்னியர், தலித், சிறுபான்மைச் சமூகங்களில் ஒருவருக்குக் கொடுங்கள் என்றும் கேட்டார். சொந்த மானத்தைக் காப்பாற்ற மட்டும் எழுதுகிறவருக்கு அடுத்து வருபவர் யார் என்ற கவலை எதற்கு? 2025இல் இன்னொரு தலித் அமைச்சரான ஊசுடு சாய் சரவணன்குமாரும் பதவி விலகியபின் அந்த அமைச்சரவையில் தலித் ஒருவர்கூட இல்லாமல் போனது. சாதியெல்லாம் சாக்கு என்பவர் இதற்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருக்கலாம்.

அப்பா பெயரில் வந்தவர் என்பது மூன்றாவது அம்பு. உண்மைதான், முன்னாள் அமைச்சர் சந்திரகாசுவின் மகள் அவர். 2016, 2021 என்று இரண்டு முறை நெடுங்காட்டு மக்கள் ஓட்டுப் போட்டதும் உண்மை. அப்பா பெயரில் வந்த ஆண்களைப் பற்றி நம் பத்திரிகைகளில் ‘வாரிசு’ என்ற ஒரு சொல்லோடு கதை முடிந்துவிடும். பெண் என்றால் அது குற்றப்பத்திரிகை ஆகிவிடுகிறது. இருக்கட்டும். நான் கேட்பது வேறு: அப்பா இல்லாத பெண் எந்த வழியாக வருவாள்?

இதற்குப் பதில் வேண்டுமானால் கட்டுரையாளர் எங்கள் எல்லை ஊரான கீழவாஞ்சூர் வரை வரவேண்டும். சோதனைச் சாவடியைத் தாண்டித் தெற்கே நடந்தால் நாகூர், தமிழ்நாடு. அங்கே உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. 2022 தேர்தலுக்குப் பிறகு தமிழ்நாட்டின் 21 மாநகராட்சிகளில் 11இல் பெண்கள் மேயர் ஆனார்கள். சாவடிக்கு வடக்கே நாம் இருக்கிறோம், திருப்பட்டினம் கொம்யூன் பஞ்சாயத்து. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968இல் ஒருமுறை நடந்தது, அதற்குப் பிறகு 2006இல்தான். அப்போது வந்தவர்களின் காலம் 2011இல் முடிந்தது. உச்ச நீதிமன்றம் 2018இல் தேர்தலை நடத்தச் சொன்னது. 2021இல் தேதி அறிவித்தார்கள், வார்டு ஒதுக்கீட்டில் குளறுபடி என்று வழக்கு வந்தது, அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். பிறகு பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுச் சிக்கலில் அது அப்படியே நின்றுபோனது.

பக்கத்துத் துறைமுகத்து நிலக்கரித் தூசி கொடியில் காயும் துணியில் படிகிறது என்று கீழவாஞ்சூர்ப் பெண் முறையிட வேண்டுமானால் யாரிடம் போவாள்? வார்டு உறுப்பினர் கிடையாது, கொம்யூன் தலைவர் கிடையாது. இருப்பவர் ஆணையர், அதிகாரி. மனு கொடுக்கலாம், ரசீது வாங்கலாம், அவ்வளவுதான். அந்தப் பெண் நாலு தெருப் பெண்களைத் திரட்டிக்கொண்டு போய்ச் சத்தம் போட்டு, அடுத்த தேர்தலில் வார்டுக்கு நின்று, பிறகு கொம்யூனுக்கும் சட்டமன்றத்துக்கும் போவதுதான் மற்ற ஊர்களில் பெண்கள் வரும் வழி. ஏணியை எடுத்து ஒளித்து வைத்துவிட்டு, ஏறத் தெரியாதவர்கள் என்று நக்கல் செய்கிறார் கட்டுரையாளர்.

அதையும் மீறி வந்தவர்கள் உண்டு. இதே நிரவி-திருப்பட்டினம் தொகுதியில் 2016இல் தி.மு.க.வின் கீதா ஆனந்தன் ஜெயித்தார். அந்தத் தேர்தலில் நான்கு பெண்கள் சட்டமன்றம் போனார்கள். 2021இல் அதே கட்சி அதே தொகுதியில் நிறுத்தியது ஓர் ஆணை. ஆகவே இது ரங்கசாமியின் என்.ஆர். காங்கிரஸின் வியாதி மட்டும் என்று எதிர்க்கட்சிக்காரர்கள் கைதட்ட வேண்டாம். புதுச்சேரியில் பெண் வாக்காளர்கள் ஆண்களைவிட அதிகம். வெயிலில் வரிசையில் நிற்க அவர்களுக்குத் தகுதி இருக்கிறது, வேட்பாளர் பட்டியல் தட்டச்சாகும் அறையில்தான் அந்தத் தகுதி காணாமல் போகிறது.

கிரண் பேடியும் தமிழிசையும் துணைநிலை ஆளுநர்களாக ராஜ்நிவாஸில் இருந்தார்களே, இன்னும் என்ன வேண்டும் என்று கடைசியாக ஒரு கேள்வி. இருவரும் டெல்லி அனுப்பி வந்தவர்கள். கீழவாஞ்சூரில் ஒரு வீட்டு வாசலில்கூட ஓட்டுக் கேட்டு நின்று அந்த நாற்காலிக்குப் போகவில்லை. நியமனத்தைப் பிரதிநிதித்துவம் என்று எண்ணிக் கணக்குக் காட்டுவதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

2023 செப்டம்பரில் நாடாளுமன்றம் மகளிர் இட ஒதுக்கீட்டை நிறைவேற்றிய சில வாரங்களில்தான் சந்திரபிரியங்கா வெளியேறினார். அந்த டிசம்பரில் புதுச்சேரி சட்டமன்றத்துக்கும் மூன்றில் ஒரு பங்கு என்று சட்டம் வந்தது. 30இல் 10. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறை என்று அதற்கு முன்னே இரண்டு கதவுகள். உள்ளாட்சித் தேர்தலுக்கு அப்படிக் காத்திருக்கத் தேவையில்லை, பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு முப்பது ஆண்டுக்கும் மேலாக அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. பெண்களின் தகுதியை அளக்கக் கட்டுரையாளருக்கு அத்தனை ஆசை இருந்தால் அந்தத் தேர்தலைக் கேட்டு ஒரு கட்டுரை எழுதட்டும். 2006 தேர்தலின்போது தொட்டிலில் கிடந்த கீழவாஞ்சூர்ப் பெண் குழந்தைக்கு இன்று வாக்காளர் அட்டை இருக்கிறது. அவள் ஓட்டுப் போட ஒரு வார்டுத் தேர்தல் இன்னும் வரவில்லை.