முழங்கால் போன ரக்மேனை என்ன செய்வது?

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் எந்தக் கிளப்பின் ரசிகர்களைக் கேட்டாலும் ஒரு வாக்குவாதம் கட்டாயம் நடந்திருக்கும். அணியின் உயரமான ரக்மேனுக்கு முழங்கால் போய்விட்டது. ஒரு வருஷம் ஆட முடியாது. அவருக்குப் பெரிய ஒப்பந்தம் இருக்கிறது. வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா? ஒரு கூட்டம் "நன்றி வேண்டாமா?" என்று கேட்கும். இன்னொரு கூட்டம் "இது கிளப்பா, தர்ம சத்திரமா?" என்று கேட்கும்.

இந்தச் சண்டைக்கு நல்ல உதாரணம் பெர்த் நகரத்து வெஸ்ட் கோஸ்ட் ஈகிள்ஸ் கிளப்பும் அதன் ரக்மேன் நிக் நைடனூயியும். 2016-ல் தொடங்கி 2023-ல் அவர் ஓய்வு பெறும் வரை இந்த விவாதம் ஓயவே இல்லை. இப்போது எல்லாம் முடிந்துவிட்டதால் யார் சொன்னது சரி என்று நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் ரக்மேன் என்றால் யார் என்று பார்த்துவிடுவோம். இந்த ஆட்டம் கிரிக்கெட் மைதானம் போன்ற முட்டை வடிவ மைதானத்தில் நடக்கிறது. பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். ஒவ்வொரு கால் பகுதியின் தொடக்கத்திலும், ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் நடுவர் மைதானத்தின் மையத்தில் பந்தை மேலே எழுப்புவார். 2025 வரை தரையில் ஓங்கி அடித்து எழுப்பினார்கள், 2026-லிருந்து கையால் மேலே எறிகிறார்கள். இரண்டு அணிகளிலிருந்தும் ஆளுக்கொரு நெட்டையர் ஓடி வந்து எம்பி, அந்தப் பந்தைத் தன் பக்கத்து ஆட்டக்காரரின் கைக்குத் தட்டிவிட வேண்டும். கூடைப்பந்தில் ஆட்டம் தொடங்கும்போது இருவர் எம்புவார்களே, அது போலத்தான். ஆனால் அங்கே அது ஒரு முறை. இங்கே ஆட்டம் முழுக்க, எல்லைக்கோட்டருகே பந்து திரும்ப உள்ளே எறியப்படும்போதும் கூட.

ஓடி வந்து எம்பும் இரண்டு பெரிய உடம்புகள் நேருக்கு நேர் மோதினால் முழங்காலோடு முழங்கால் இடிக்கும். ரக்மேன்களுக்கு முழங்காலின் பின்பக்கத் தசைநார் கிழிவது ஒரு காலத்தில் அடிக்கடி நடந்தது. அதனால்தான் 2005-ல் மையத்தில் பத்து மீட்டர் விட்டமுள்ள வட்டம் ஒன்றைப் போட்டு, அதற்கு வெளியிலிருந்து ஓடி வரக்கூடாது என்று விதி கொண்டுவந்தார்கள். ஒரு வேலையின் ஆபத்தைக் குறைக்க மைதானத்திலேயே கோடு போட வேண்டியிருந்தது என்றால் அது எப்படிப்பட்ட வேலை என்று புரிந்துகொள்ளலாம்.

2017-ல் இன்னொரு விதியும் வந்தது. அதுவரை இரண்டு ரக்மேன்கள் மல்லுக்கட்டும்போது மூன்றாவது ஆள் ஒருவர் குறுக்கே பாய்ந்து பந்தைத் தட்டிவிடலாம். அதைத் தடை செய்துவிட்டார்கள். நல்ல ரக்மேன் இல்லாத கிளப்புக்கு இருந்த ஒரு குறுக்குவழியும் அடைபட்டது.

சரி, நைடனூயி கதைக்கு வருவோம். ஃபிஜி வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்து பெர்த்தில் வளர்ந்தவர். உயரம் 201 செ.மீ. 2008 டிராஃப்டில் நாட்டிலேயே இரண்டாவது தேர்வு. 2012-ல் லீக் முழுவதிலிருந்தும் தேர்ந்தெடுக்கும் ஆல்-ஆஸ்திரேலியன் அணியில் இடம். 2015-ல் அந்த ஆண்டின் சிறந்த கேட்சுக்கான விருது. மற்ற ரக்மேன்கள் பந்தைத் தட்டிவிட்டு மூச்சு வாங்குவார்கள், இவர் தட்டிவிட்டு, தரையில் இறங்கி, எதிரியைத் துரத்திப் பிடிக்கவும் செய்வார். அதுதான் வித்தியாசம்.

2016 ஆகஸ்டில் ஒரு முழங்காலில் ஏ.சி.எல். கிழிந்தது. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைத்து வைக்கும் முன்பக்கத் தசைநார் அது. அறுவை சிகிச்சை செய்து வேறொரு தசைநாரை எடுத்து அங்கே பொருத்துவார்கள். குறைந்தது ஒன்பது மாதம், பெரும்பாலும் ஒரு வருஷம். 2017 முழுக்கப் போயிற்று. 2018-ல் திரும்பினார். ஜூலையில் மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் காலிங்வுட்டுக்கு எதிரான ஆட்டத்தில் அடுத்த முழங்காலும் போயிற்று.

அதே ஆண்டு செப்டம்பரில், அதே மைதானத்தில், அதே காலிங்வுட்டை 79-74 என்று ஐந்தே புள்ளியில் வென்று வெஸ்ட் கோஸ்ட் கோப்பையைத் தூக்கியது. நைடனூயி ஆட முடியாத நிலையில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இறுதி ஆட்டத்தில் களமிறங்கியவர்களுக்கு மட்டும்தான் அங்கே பதக்கம். பத்து வருஷம் உழைத்தவருக்கு அது கிடையாது.

"பார்த்தீர்களா, அவர் இல்லாமலேயே ஜெயித்துவிட்டோம், இனி எதற்கு அவர்?" என்ற குரலுக்கு அன்று வலு வந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்த வெற்றி எப்படி வந்தது என்று கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டும்.

2016-ல் முதல் முழங்கால் போனவுடன் கிளப் கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை. ஜீலாங் கிளப்பிலிருந்து நேதன் வார்டியைக் கொண்டுவந்தது. நார்த் மெல்போர்னிலிருந்து வயதான ட்ரூ பெட்ரியையும் சேர்த்துக்கொண்டது. ஏற்கெனவே ஸ்காட் லைசெட் இருந்தார். 2018-ல் இரண்டாவது முழங்கால் போனபோது லைசெட்டும் வார்டியும் தயாராக இருந்தார்கள். இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் டாம் ஷீட் அடித்த வெற்றி கோலை எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அந்தப் பந்து மகவர்ன், வார்டி, லியாம் ரயன் என்று மூன்று கை மாறி ஷீடிடம் வந்தது. நடுவில் பந்தைப் பிடித்த அந்த வார்டி, முதல் காயத்துக்கு மாற்றாக வாங்கப்பட்டவர்.

ஆக 2018 கோப்பை நைடனூயி தேவையில்லை என்று நிரூபிக்கவில்லை. மாற்று ஆள் தேவை என்பதைத்தான் நிரூபித்தது. இரண்டும் வேறு வேறு விஷயங்கள். ரசிகர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டார்கள்.

கிளப் அவரை வைத்துக்கொண்டது. 2019-ன் நடுவில் திரும்பினார், விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்கள்தான். "பணம் வீண்" என்ற பேச்சு மறுபடி கிளம்பியது. அதன் பிறகுதான் யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. 2020-லும் 2021-லும் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆல்-ஆஸ்திரேலியன் அணியில் இடம். அதே இரண்டு ஆண்டுகளும் கிளப்பின் சிறந்த ஆட்டக்காரர் விருது. இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவர், முப்பதை எட்டும்போது!

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்த ஆண்டுகளில் அவர் முழு ஆட்டமும் ஆடவில்லை. கணிசமான நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கிளப் அவரைச் சிக்கனமாகச் செலவழித்தது. களத்தில் இருக்கும் நேரத்தில் எதிரணியின் நடுக்களத்தைக் கலைத்துப் போட்டார். "எத்தனை நிமிஷம் ஆடினார்?" என்று கணக்குப் பார்த்தவர்களுக்கு அவர் நஷ்டம். "அவர் களத்தில் இருந்தபோது என்ன நடந்தது?" என்று பார்த்தவர்களுக்கு லாபம். காயம்பட்டவரின் மதிப்பை எந்தத் தராசில் நிறுக்கிறோம் என்பதில்தான் பாதி விவாதம் அடங்கியிருக்கிறது.

வைத்துக்கொள்வது எப்போதும் பலிக்கும் என்று இதற்கு அர்த்தமில்லை. இரண்டு பக்கமும் சாட்சிகள் உண்டு.

மெல்போர்ன் கிளப்பின் மேக்ஸ் கான் இரண்டு முழங்கால் அறுவை சிகிச்சைகளைக் கண்டவர். 2009 டிராஃப்டில் 34-வது தேர்வு. 2012 சீசனில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அன்று அவரைக் கழற்றிவிட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கிளப் பொறுத்தது. 2016-ல்தான் முதல் முறையாக ஆல்-ஆஸ்திரேலியன் ஆனார். 2021-ல், 57 ஆண்டுகளுக்குப் பிறகு மெல்போர்ன் வென்ற கோப்பையைக் கேப்டனாக வாங்கினார். ரக்மேன்கள் தாமதமாகத்தான் பழுப்பார்கள் என்பதற்கு அவரைவிடச் சாட்சி வேண்டாம்.

மறுபக்கம் கார்ல்டன் கிளப்பின் மேத்யூ க்ரூசர். 2007 டிராஃப்டில் முதல் தேர்வு. 2010-ல் முழங்கால் போனது. அதன் பிறகும் காயம் மேல் காயம். 2020-ல் 189 ஆட்டங்களோடு ஓய்வு பெற்றார். நல்ல ஆட்டக்காரர், நேர்மையான உழைப்பாளி. ஆனால் அவர் காலத்தில் கார்ல்டனுக்குக் கோப்பை வரவில்லை. பொறுத்தார் எல்லோரும் பூமி ஆள்வதில்லை.

வெஸ்ட் கோஸ்டின் கதையும் நல்லபடியாக முடியவில்லை. லைசெட் 2018 முடிந்தவுடன் போர்ட் அடிலெய்டுக்குப் போனார். அவருக்குப் பதிலாக வந்த டாம் ஹிக்கி 2020-க்குப் பிறகு சிட்னிக்குப் போய் அங்கே முதன்மை ரக்மேன் ஆனார். நைடனூயி நன்றாக ஆட ஆட, அனுபவமுள்ள மாற்றுகள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். 2022-ல் முழங்கால் காயத்தால் அவர் எட்டு ஆட்டங்களே ஆடினார், அணி அந்த ஆண்டு இரண்டே வெற்றி பெற்றது. 2023-ல் குதிகால் தசைநார்க் காயம், ஓர் ஆட்டமும் இல்லை. அணிக்கு மூன்றே வெற்றி, அட்டவணையில் கடைசி இடம். 2018 டிராஃப்டில் எடுத்த பெய்லி வில்லியம்ஸ் என்ற இளைஞர் தோள் நிறைவதற்கு முன்பே பெரிய சுமையைத் தூக்க வேண்டி வந்தது. அந்த ஆகஸ்டில் 213 ஆட்டங்களோடு நைடனூயி ஓய்வை அறிவித்தார்.

இந்தச் சரிவுக்கு ஒரு ரக்மேனின் காலைக் குறை சொல்வது அநியாயம். 2018-ல் ஆடிய அணியே ஒட்டுமொத்தமாக வயதாகிவிட்டிருந்தது, காயங்களும் குவிந்தன. ஆனால் 2016-ல் இருந்த எச்சரிக்கை உணர்வு 2020-க்குப் பிறகு குறைந்துவிட்டது என்று சொல்லாமல் இருக்க முடியாது. காயம் ஆறியவுடன் மாற்று ஏற்பாடும் தேவையில்லை என்று நினைப்பதுதான் பெரிய தவறு. ஒரு முறை ஏ.சி.எல். கிழிந்தவருக்கு மறுபடி கிழியும் வாய்ப்பு, அடுத்த காலையும் சேர்த்து, மற்றவர்களைவிட அதிகம். கால் ஆறினாலும் அபாயம் போவதில்லை.

அதனால் "வைத்துக்கொள்வதா, அனுப்புவதா?" என்ற கேள்வியே தவறான கேள்வி. வைத்துக்கொள்ள வேண்டும். அவர் கிளப்புக்காக எம்பி விழுந்துதான் கால் போனது. ஒப்பந்தத்தின் நடுவில் கைவிடும் கிளப்பை நம்பி அடுத்த இளைஞன் ஏன் உடம்பைப் பணயம் வைக்கப் போகிறான்? ஆனால் அவரை மட்டுமே நம்பிக்கொண்டிருக்கக் கூடாது. ஊதியத்துக்கு உச்சவரம்பு உள்ள லீகில் இரண்டு ரக்மேன்களுக்குப் பணம் ஒதுக்குவது சிரமம்தான். அந்தப் பணத்தைக் காப்பீட்டுத் தவணை மாதிரி நினைத்துக் கட்ட வேண்டியதுதான். 2018-ல் அந்தக் காப்பீடு ஒரு கோப்பையாகவே திரும்பி வந்தது.

மாற்று ஆள் இருப்பது காயம்பட்டவருக்கு அவமானம் இல்லை, உதவி. தன்னை விட்டால் ஆள் இல்லை என்று தெரிந்தால் கால் முழுக்க ஆறும் முன்பே இறங்கிவிடத் தோன்றும். இன்னொருவர் தயாராக இருந்தால்தான் முழுசாகத் தேறி வர அவகாசம் கிடைக்கும். ஆட்டம் முடிந்த பிறகும் அந்தக் கால்களோடு அவர் இன்னும் நாற்பது ஐம்பது வருஷம் நடக்க வேண்டுமே!

அடுத்த முறை ஒரு கிளப்பின் ரக்மேன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழும்போது ரசிகர்கள் அவருடைய சம்பளத்தைப் பற்றிச் சண்டை போட வேண்டாம். "இரண்டாவது ஆள் யார்?" என்று நிர்வாகத்தைக் கேட்கட்டும்.