அட்டை கேட்பவரிடம் யார் முறையிடுவார்?

சென்ற மாதப் பங்குப் பேரவைக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவரப்பட்டது. கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் உழைக்கும் வடமாநிலத்தாரை வீடுவீடாகச் சோதித்து, சான்று இல்லாதோரை அப்புறப்படுத்தக் காவல்துறையை வேண்டுவது என்பது அதன் சாரம். ஊர்ப் பாதுகாப்புக்காக என்றார்கள். நாம் கையொப்பமிட மறுத்தோம். காரணம் கேட்டவர்களுக்கு இங்கே விடை கூறுகிறோம்.

அச்சத்துக்கு இடமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. 2025 ஜூலையில் ஆரம்பாக்கம் பகுதியில் பள்ளிச் சிறுமிக்கு இழைக்கப்பட்ட கொடுமையை எந்தப் பெற்றோர் மறப்பர்? கைதானவர் அசாம் மாநிலத்தவர். ஆயினும், அவரைத் தேடிய நாள்களில் காவல்துறை செய்தது என்ன? கேமராவில் பதிவான படத்தை வெளியிட்டு, அறிந்தோர் சொல்லுங்கள் என்று மக்களைக் கேட்டது. அத்தகைய முகத்தை முதலில் அடையாளம் காணக்கூடியவர் உடன் உண்டு உறங்கும் தொழிலாளியே. படியேறினால் தம் சான்றையே முதலில் கேட்பார்கள் என்று அஞ்சுகிறவர் அங்கே போவாரா?

இவ்வச்சம் கற்பனையன்று. அதே ஆண்டில் தில்லியில் பிடிபட்ட மேற்கு வங்கக் கர்ப்பிணி ஒருவர், அயல்நாட்டவர் எனப்பட்டு வங்கதேசத்துக்குள் தள்ளப்பட்டார். நீதிமன்றங்கள் தலையிட்ட பின்னரே டிசம்பரில் தாயகம் திரும்பினார். இச்செய்தி நம்மூர் வங்காளத் தொழிலாளரை எட்டாதிருக்குமா?

நாமே கண்ட ஒன்றைச் சொல்கிறோம். சம்பள நாளிரவில் வழிப்பறிக்கு உள்ளான ஒடிசா இளைஞர் ஒருவர், கையில் வெட்டுக்காயத்துடன் பங்கு இல்லம் வந்தார். புகார் தருவோம் வாரும் என்றழைத்தோம்; கைகூப்பி மறுத்தார். ஆதார் அட்டை ஒப்பந்தக்காரரிடம் இருக்கிறதாம். அவரை வெட்டியவர்கள் இன்றும் நம் தெருக்களில்தான் நடமாடுகிறார்கள். நாளை அவர்கள் கை நம் வீட்டுப் பெண்களின் கழுத்துச் சங்கிலிக்கும் நீளலாம்.

சோதனையின் பலனை அறிய நெடுந்தூரம் போக வேண்டாம். நம் கும்மிடிப்பூண்டியிலேயே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021இல் அதற்கு மறுவாழ்வு முகாம் எனப் பெயர் மாறிற்று, தணிக்கை மாறவில்லை. வெளியூரில் வண்ணம் பூசப் போனவர், தணிக்கை நாளில் கூலியை விட்டு ஓடிவர வேண்டும். 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்தோருக்கு, ஆவணமின்மைக்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் விலக்குக் கிடைத்தது. குடியுரிமை கிடைக்கவில்லை. இங்கேயே பிறந்த பிள்ளையும் அந்நியப் பிள்ளைதான்! 1952இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பமே எல்லா அகதிக் குடும்பங்களுக்கும் முன்மாதிரி என்று கற்பித்தார். கிறிஸ்து பிறப்பு நாளில் அதைப் பிரசங்கிப்பது எளிது.

பதிவு வேண்டாமா எனில், வேண்டும். ஆனால் யார் தலையில் அந்தச் சுமை? மாநிலங்களுக்கிடை புலம்பெயர் தொழிலாளர்க்கென 1979இல் வந்த சட்டமே உரிமம் பெறவும் பதிவு செய்யவும் ஒப்பந்தக்காரரையும் முதலாளியையும் பணித்தது. நம் தீர்மானமோ முதலாளியை விட்டுவிட்டுக் கூலிக்காரரைப் பிடிக்கிறது. வியப்பில்லை. கூட்டத்தில் உரக்கப் பேசியவர்களுள் ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரரும் உண்டு. ஓரறையில் பன்னிருவரை அடைத்துத் தலைக்கு வாடகை வாங்குவோரும் உண்டு. முன்வரிசையில் அமர்ந்து நற்கருணை வாங்குவோர்தாம்.

தீர்மானம் நம் மேசைமேல் கையொப்பமின்றிக் கிடக்கிறது. வேறொன்று எழுதியிருக்கிறோம்: பிறருடைய அட்டைகளை வைத்திருப்போர் வரும் ஞாயிறு திருப்பலிக்குள் உரியவரிடம் கொடுத்துவிட வேண்டும். அந்த ஒடிசா இளைஞரோடு காவல் நிலையம் வரை வர இருவர் தேவை. இதுவரை ஒருவர் பெயர் தந்திருக்கிறார்.