காத்திருப்புக்கும் நாள் குறிக்கப்பட வேண்டும்

டிசம்பர் நடுவில் பெங்களூரின் சில வீடுகளில் விடியற்காலை ஐந்தரை மணிக்கே விளக்கு எரிகிறது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் அப்போது முந்தைய நாள் மாலை ஏழு மணி. அங்குள்ள புகழ்பெற்ற பல்கலைக்கழகங்கள் பல, 'ஏர்லி டெசிஷன்' எனப்படும் முன்கூட்டிய சேர்க்கையின் முடிவுகளை மாலை வேளைகளில் வெளியிடுகின்றன. கணினித் திரைக்கு முன் மாணவர் அமர்ந்திருக்க, பெற்றோர் பின்னால் நிற்கிறார்கள். அதே மாதத்தில், அதே நகரத்தின் வேறு வீடுகளில், பொதுச் சட்ட நுழைவுத் தேர்வான கிளாட்டின் முடிவுக்காகவும் அதைத் தொடரும் கலந்தாய்வுக்காகவும் காத்திருக்கிறார்கள். இரு சாராரும் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வை இன்னும் எழுதாதவர்கள். ஆனால் இரு காத்திருப்புகளும் ஒன்றல்ல. முதலாவதற்கு நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. அந்த நாள் பெரும்பாலும் தவறுவதில்லை. இரண்டாவதற்கு நாள் குறிக்கப்பட்டாலும், அது நிலைக்கும் என்ற உறுதி இல்லை. இந்த வேறுபாட்டைப் பற்றி நமது கல்வித்துறை போதிய அளவு பேசவில்லை.

'காத்திருத்தல்' என்ற சொல்லில் காவலும் இருப்பும் இணைந்துள்ளன. கன்னடத்திலும் 'காயு' என்னும் வினை காவல் செய்தலையும் காத்திருத்தலையும் ஒருங்கே குறிக்கிறது. காத்திருப்பவர் வெறுமனே காலத்தைக் கழிப்பவர் அல்லர், எதையோ காவல் செய்பவர் என்பது இம்மொழிகளின் புரிதல். தமிழ்த் திணைமரபு இன்னும் நுட்பமான ஒரு வேறுபாட்டையும் செய்திருக்கிறது. தொல்காப்பியம் வகுக்கும் உரிப்பொருள்களுள் இருத்தல் முல்லைக்கும், இரங்கல் நெய்தலுக்கும் உரியவை என்பது உரைமரபு. முல்லைத் தலைவி ஆற்றியிருப்பதற்குக் காரணம் அவளது பொறுமை மட்டுமன்று. கார்காலத் தொடக்கத்தில் திரும்புவதாகத் தலைவன் பருவம் குறித்துச் சென்றிருக்கிறான். குறித்த பருவம் வந்தும் அவன் வராதபோது, பெய்வது பருவமழையே அன்று எனத் தோழி வற்புறுத்த வேண்டியிருக்கிறது. குறித்த காலம் உள்ளவரை அது இருத்தல். அது பொய்க்கும்போது இருத்தல் இரங்கலை நோக்கி நகர்கிறது. நமது பல்கலைக்கழகச் சேர்க்கைகளைப் புரிந்துகொள்ள இந்தப் பழைய வேறுபாடு இன்றும் உதவும்.

முதலில் அமெரிக்க முறையைப் பார்க்கலாம். மாணவர் ஒரே ஒரு பல்கலைக்கழகத்தைத் தேர்ந்து, பொதுவாக நவம்பர் முதல் நாளுக்குள் விண்ணப்பிக்கிறார். டிசம்பர் நடுவில் முடிவு வருகிறது. இடம் கிடைத்தால் அங்கேயே சேர்வதாக முன்னரே வாக்களித்திருப்பதால், ஏனைய விண்ணப்பங்களைத் திரும்பப் பெற வேண்டும். உதவித்தொகை போதாவிட்டால் விலகிக்கொள்ள வழி உண்டு என்றாலும், பல இடங்கள் தரும் உதவித்தொகைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு அந்த மாணவருக்கு இல்லை. எனவே இம்முறையைத் துணிந்து பயன்படுத்துவோர் பெரும்பாலும் கட்டணத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லாத வீட்டுப் பிள்ளைகள். கிறிஸ்டோபர் ஏவரி, ஆண்ட்ரூ ஃபேர்பேங்க்ஸ், ரிச்சர்டு செக்காசர் ஆகிய மூவர் 2003 இல் வெளியிட்ட நூல், முன்கூட்டியே விண்ணப்பிப்பது சாட் தேர்வில் ஏறத்தாழ நூறு மதிப்பெண் கூடுதலாகப் பெறுவதற்கு ஒப்பான சாதகத்தைத் தருவதாகக் கணக்கிட்டது. ஏழை மாணவருக்கு இழைக்கப்படும் அநீதி எனக் கருதி ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் முன்கூட்டிய சேர்க்கையைக் கைவிடுவதாக 2006 இல் அறிவித்தன. பிற பல்கலைக்கழகங்கள் பின்தொடராததால் 2011 இல் இரண்டுமே அதற்குத் திரும்பின. அங்கே உறுதிப்பாடு விலைக்குக் கிடைக்கிறது. வசதியுள்ளவருக்கு டிசம்பரிலேயே கவலை தீர்கிறது. ஏனையோர் வசந்தகாலம் வரை காத்திருக்கிறார்கள்.

பெங்களூரிலும் இதன் சாயல் உண்டு. நாகரபாவியில் உள்ள தேசியச் சட்டப் பள்ளி உள்ளிட்ட இருபதுக்கும் மேற்பட்ட சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு, முன்பு பொதுத்தேர்வுக்குப் பின் கோடையில் நடந்துவந்தது. 2022 டிசம்பர் 18 முதல் அது டிசம்பர் மாதத் தேர்வாக மாறியது. இம்மாற்றத்தில் கருணையும் உண்டு. தேர்வு எழுதிய சில நாள்களிலேயே முடிவு, ஆண்டு முடிவதற்குள் முதல் ஒதுக்கீட்டுப் பட்டியல், அதன்பின் மன அமைதியோடு பொதுத்தேர்வு என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் டிசம்பரில் எழுத வேண்டிய தேர்வுக்குப் பதினோராம் வகுப்பிலேயே ஆயத்தம் தொடங்க வேண்டும். பயிற்சி நிறுவனங்கள் நிறைந்த ஜெயநகரின் மாணவருக்கு இச்செய்தி உரிய காலத்தில் போய்ச் சேரும். ராய்ச்சூரிலோ கிருஷ்ணகிரியிலோ அரசுப் பள்ளியில் படிக்கும் மாணவர் இத்தேர்வைக் கேள்விப்படும்போது விண்ணப்பத்தின் கடைசி நாள் கடந்திருக்கக்கூடும். தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது. விண்ணப்பக் கட்டணம் பொதுப்பிரிவினருக்கு 4,000 ரூபாய். முன்கூட்டிய தேர்வு என்பது, முன்கூட்டியே செய்தி அறிந்தவர்களுக்குச் சாதகமான தேர்வும் ஆகும்.

அந்தக் கருணையும் நிலைக்கவில்லை. 2024 டிசம்பர் 1 அன்று தேர்வு நடந்தது. டிசம்பர் 7 அன்று முடிவு வந்தது. இறுதி விடைக்குறிப்பில் பிழைகள் இருப்பதாக ஒரு மாணவர் தில்லி உயர் நீதிமன்றத்தை அணுகினார். இரு வினாக்களைப் பொறுத்தவரை அவரது வாதத்தை டிசம்பர் 20 அன்று தனி நீதிபதி ஏற்றார். அதற்கு எதிராக மேல்முறையீடு, பிற மாநில உயர் நீதிமன்றங்களில் புதிய வழக்குகள், 2025 பிப்ரவரியில் அனைத்தையும் தில்லிக்கே மாற்றி உச்ச நீதிமன்றத்தின் ஆணை, ஏப்ரல் 23 அன்று இரு நீதிபதிகள் அமர்வின் தீர்ப்பு, அதன்மீது மீண்டும் உச்ச நீதிமன்றத்தில் முறையீடு எனக் காலம் நீண்டது. மே 7 அன்று உச்ச நீதிமன்றம் இறுதி ஆணை பிறப்பித்தபோது, முதல் முடிவு வெளிவந்து சரியாக ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. பொதுத்தேர்வும் முடிந்திருந்தது. தரவரிசை கையில் இருந்தும் அதை நம்ப முடியாத நிலையில், ஆயிரக்கணக்கான மாணவர்கள் அந்தப் பொதுத்தேர்வை எழுதினார்கள்.

வழக்குத் தொடுத்தவர்கள்தான் தாமதத்துக்குக் காரணம் என்று சிலர் கூறினார்கள். இது பொருந்தாத வாதம். தவறான விடைக்குறிப்பை எதிர்த்து ஓர் ஆட்சேபம் எழுப்புவதற்கே மாணவர் 1,000 ரூபாய் செலுத்த வேண்டியிருந்தது. அந்தத் தொகையின் அளவைத் தில்லி உயர் நீதிமன்றமே பின்னர் விமர்சித்தது. தொடக்கத்திலேயே சுயேச்சையான வல்லுநர் குழு ஆட்சேபங்களைக் காரணம் காட்டி ஏற்றோ மறுத்தோ எழுத்தில் வெளியிட்டிருந்தால், இவ்வழக்குகளில் பல எழுந்திருக்கவே மாட்டா. தாமதத்தின் வேர் நீதிமன்றத்தில் அன்று, அவசரமாகத் தயாரித்த விடைக்குறிப்பில் இருந்தது.

இதற்கு முந்தைய நிகழ்வு ஒன்றும் பெங்களூருக்கே உரியது. பெருந்தொற்று ஆண்டான 2020 இல், மே மாதம் நடக்க வேண்டிய கிளாட் பலமுறை தள்ளிப்போனது. மூன்று பருவங்களைக் கொண்ட தனது கல்வியாண்டு முழுவதும் வீணாகிவிடும் எனக் கூறி, தேசியச் சட்டப் பள்ளி செப்டம்பர் தொடக்கத்தில் தனித் தேர்வை அறிவித்தது. சுமார் பத்து நாள் அவகாசத்தில், செப்டம்பர் 12 அன்று, இணையவழியில் அத்தேர்வு நடந்தது. செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதென அறிவித்தது. செப்டம்பர் 28 அன்று கிளாட் நடந்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. காத்திருக்க இயலாது என்று நிறுவனம் நீதிமன்றத்தில் வாதிட முடிந்தது. தனது நாட்காட்டி குலையும் என்பது அதற்குப் போதுமான காரணமாகத் தோன்றியது. மாணவருக்கும் ஒரு நாட்காட்டி உண்டு என்பதை அதே தீவிரத்துடன் வாதிட அன்று எந்த நிறுவனமும் முன்வரவில்லை.

இது பதினேழு வயதினரின் துயரம் மட்டும் என ஆய்வுலகம் ஒதுங்கிவிட முடியாது. 2024 ஜூன் 18 அன்று நடந்த யுஜிசி நெட் தேர்வு மறுநாளே ரத்துசெய்யப்பட்டது. ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதிய தேர்வு அது. முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் நெட் மதிப்பெண்ணைப் பயன்படுத்தலாம் என்று அவ்வாண்டு மார்ச்சில்தான் முடிவாகியிருந்தது. மறுதேர்வு ஆகஸ்டு இறுதியில் தொடங்கியது. முடிவு அக்டோபர் 17 அன்று வந்தது. ஆய்வு மாணவராகச் சேர எண்ணியவர்களுக்கு ஒரு பருவம் முழுவதும் வாடகை, வேலை, வயது வரம்பு ஆகிய கணக்குகளிலேயே கழிந்தது. இந்தத் தேர்வுகளின் அருகே தனியார் பல்கலைக்கழகங்கள் தமது முன்கூட்டிய சுற்றுகளை நடத்தி, வசதியுள்ளவர்களுக்கு இடங்களை உறுதிசெய்துவிடுகின்றன. அரசுத் தேர்வு தாமதமாகும் ஒவ்வொரு வாரமும், அரசுப் பல்கலைக்கழகத்துக்காகக் காத்திருக்க எண்ணிய நடுத்தர வீடு ஒன்றை முன்பணம் கட்டும் வரிசைக்குத் தள்ளுகிறது. 2024-25 கல்வியாண்டில், செப்டம்பர் 30 வரை விலகுவோருக்கு முழுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் எனப் பல்கலைக்கழக மானியக் குழு அறிவுறுத்தியது நல்ல செயல். ஆனால் திரும்பி வரும் பணமாயினும், அதை முதலில் புரட்டியவர்களால்தான் திரும்பப் பெற முடியும். அடகு வைத்த நகைக்கு ஏறிய வட்டியை எந்தச் சுற்றறிக்கையும் திருப்பித் தருவதில்லை.

காத்திருப்பு மனத்தைப் பக்குவப்படுத்தும், இக்காலப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்று ஆசிரியர்களில் சிலர் சொல்வதுண்டு. நாள் குறித்த காத்திருப்பு பக்குவம் தரக்கூடும். நாளற்ற காத்திருப்பு தருவது, நிறுவனங்களின் சொல்லை நம்பக்கூடாது என்ற பாடம் ஒன்றையே. இணையதளத்தை நாளுக்கு இருபது முறை திறந்து பார்க்கும் மாணவரைப் பொறுமையற்றவர் என்று சொல்வதற்கு முன், அவருக்குச் சொல்லப்பட்ட நாள் எத்தனை முறை மாற்றப்பட்டது என்று கேட்பது முறையாகும்.

முன்கூட்டியே முடிவு தெரிவதில் குற்றம் இல்லை. அது மாணவருக்கு ஐந்து மாத அமைதியைத் தர முடியும் என்பதால் வரவேற்கத்தக்கதே. கட்டாயப்படுத்தும் வாக்குறுதியும், திரும்பாத முன்பணமும், நிலைக்காத நாளும்தான் குற்றம். ஆகவே கேட்க வேண்டியவை மூன்று. தேர்வு அறிவிக்கையிலேயே முடிவு நாளும் கலந்தாய்வு நாளும் இடம்பெற வேண்டும். தவறினால் எழுத்தில் காரணமும் புதிய நாளும் தரப்பட வேண்டும். பொது நுழைவுத் தேர்வுகளின் முடிவு வரும்வரை எந்தப் பல்கலைக்கழகமும் இட உறுதிக்காகப் பெருந்தொகை பெறக்கூடாது. விடைக்குறிப்பின் மீதான ஆட்சேபங்களுக்குக் கட்டணமின்றி, காரணத்துடன் கூடிய பதில், தரவரிசை வெளியாகும் முன்னரே தரப்பட வேண்டும். இவற்றுக்குப் புதிய சட்டமோ பெருஞ்செலவோ தேவையில்லை. விண்ணப்பத்தின் கடைசி நாளை ஒரு நிமிடம் கடந்தாலும் ஏற்காத நிறுவனங்கள், அதே கண்டிப்பைத் தமது நாள்களுக்கும் பொருத்திக்கொண்டால் போதும்.