அறையைக் குளிர்விப்பதா, உடலைக் குளிர்விப்பதா?

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால், புறநோயாளர் பிரிவில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளுள் ஒன்று மருந்தைப் பற்றியதாக இராது. கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டி, "டாக்டர், இதை வீட்டில் செய்து வைத்தால் அப்பாவுக்கு நல்லதா?" என்பார்கள். தெர்மாகோல் பெட்டியின் மூடியில் ஒரு சிறு மின்விசிறி. பக்கத்தில் வளைந்த பி.வி.சி. குழாய், உள்ளே உறைய வைத்த தண்ணீர் பாட்டில்கள். ஏ.சி. வாங்க இயலாத வீட்டில், நோயுற்றவரின் பொருட்டு ஒருவர் இவ்வளவு முயல்வது போற்றத்தக்கது. ஆயினும் அந்த உழைப்பு தவறான இடத்தில் செலவாகிறது என்பதே என் கருத்து.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ பனிக்கட்டி உருகுகையில் ஏறத்தாழ 334 கிலோ ஜூல் வெப்பத்தை உறிஞ்சும். சும்மா அமர்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடல் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய அதே அளவு வெப்பத்தை வெளியிடுகிறது. ஆக, ஒரு கிலோ பனிக்கட்டி ஒருவருக்கு ஒரு மணி நேரத்திற்கே ஈடாகும். கூரையும் சுவரும் உமிழும் அனலுக்கு எதுவும் மிஞ்சாது. குழாயின் வாயருகே கையை நீட்டினால் குளிர்ச்சி தெரியும். அறையின் மறுகோடியில் கட்டிலில் கிடப்பவரை அது எட்டாது. போதாக்குறைக்கு, அந்தப் பனிக்கட்டியை உறைய வைக்கும் குளிர்சாதனப் பெட்டி தன் பின்புறத்தால் அதைவிட அதிகமான வெப்பத்தை வீட்டிற்குள்ளேயே விடுகிறது.

நீர் ஆவியாவதன் வலிமை வேறு. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2400 கிலோ ஜூல் வேண்டும். தோலின் மீதிருந்து ஒரு குவளை நீர் உலர்ந்தாலே, ஒரு கிலோ பனிக்கட்டி உருகுவதற்கு நிகராகும். அவ்வெப்பத்தில் ஒரு பங்கைக் காற்று தரும் என்றாலும், எஞ்சியது உடலிலிருந்தே நீங்குகிறது. எனவே நான் பரிந்துரைக்கும் கருவி மிக எளியது. மெல்லிய பருத்தித் துண்டைக் குழாய் நீரில் நனைத்துப் பிழிந்து, கைகள், கால்கள், கழுத்து ஆகியவற்றைத் துடைத்து, ஈரம் காயும்வரை மின்விசிறியின் காற்றுப் படச் செய்யுங்கள். காய்ந்ததும் மீண்டும் துடையுங்கள். காற்றின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிய பொழுதில், ஈரமின்றி வெறும் விசிறிக் காற்று உடலைச் சூடேற்றவே செய்யும். முதியோருக்கு அதற்கு முன்பே பயனற்றுப் போகலாம்.

சன்னலில் தொங்கவிடும் வெட்டிவேர்த் தட்டியும் நனைந்த காடாத் துணியும் இதே விதியால்தான் குளிர்விக்கின்றன. வேலூர், திருச்சி, மதுரை போன்ற வறண்ட வெயில் ஊர்களில் அவை நன்கு பயன்படும். எதிர்ப்புறத்தில் ஒரு கதவோ சன்னலோ திறந்திருக்க வேண்டும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் காற்றே ஈரமாயிருப்பதால் புழுக்கம்தான் கூடும். வெட்டிவேரின் மணம் மட்டும் மிஞ்சும்! அங்கும் தோலை நனைத்து விசிறுவது ஓரளவு உதவும்.

இதை நான் வற்புறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. "வெயில் காலத்தில் நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று எல்லோரும் சொல்வர். இதயம் தளர்ந்தவர்களுக்கும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் அவ்வாறு குடிக்க உரிமையில்லை. அவர்களின் நீரளவை மருத்துவர் வரையறுத்திருப்பார். வியர்வையைக் குறைக்கும் சில மருந்துகளை மனநோய்க்கும் பார்க்கின்சன் நோய்க்கும் உட்கொள்வோரின் உடலோ, தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ளத் தடுமாறும். குடிக்க முடியாத நீரையும் சுரக்காத வியர்வையையும் தோலின் மேல் வெளியிலிருந்து கொடுக்கலாம். அதற்கு அளவுக் கட்டுப்பாடு இல்லை.

சில எச்சரிக்கைகள் அவசியம். புண் கட்டு, மாவுக்கட்டு, டயாலிசிஸ் குழாய் பொருத்திய இடம் ஆகியவை நனையலாகாது. படுத்த படுக்கையாக இருப்பவரின் முதுகும் விரிப்பும் உலர்ந்தே இருக்க வேண்டும். ஈரம் தங்கினால் படுக்கைப்புண் எளிதில் வரும். உணர்ச்சி குன்றிய நீரிழிவுப் பாதங்களில் பனிக்கட்டியை வைக்கவே வேண்டாம். ஈரக் கையால் விசிறியின் சுவிட்சைத் தொடாதீர்கள். ஏர் கூலர் வைத்திருப்போர் அதன் தொட்டியை வாரம் ஒருமுறையேனும் வடித்துத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசு தேடுவது அத்தகைய தேங்கிய நீரைத்தான்.

இத்தனைக்குப் பிறகும் நோயாளி குழறிப் பேசினாலோ, ஆள் அடையாளம் தெரியாமல் தடுமாறினாலோ, உடல் கொதித்தபடி மயங்கினாலோ, அது வெப்பத்தாக்காக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை காத்திராமல் ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் நீரூற்றி விசிறுங்கள். நினைவு தெளியாதவருக்கு வாய்வழியே எதையும் புகட்டாதீர்கள். தெர்மாகோல் பெட்டிக்கென்று உறைய வைத்த பாட்டில்கள் வீட்டில் இருந்தால், அவற்றைத் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வையுங்கள்.